சங்கத் தேர்தலை பிளாக்செயினில் நடத்துவது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

எங்கள் முன்னாள் மாணவர் சங்கத்தில் 600 சொச்சம் உறுப்பினர்கள். பாதிப் பேர் ஊரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். மீதிப் பேர் துபாய், சிங்கப்பூர், டொராண்டோ என்று சிதறிக் கிடக்கிறார்கள். பொதுக்குழுவுக்கு 80 பேர் வந்தால் அதிசயம். வந்தவர்கள் கையைத் தூக்கி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்போம், சமோசா சாப்பிடுவோம், கலைவோம். "வெளிநாட்டில இருக்கறவன் சந்தா மட்டும் கட்டணும், ஓட்டுப் போடக் கூடாதா?" என்று சண்டை வந்த வருஷம், ஓர் இணையப் படிவம் தயாரித்து ஓட்டெடுத்தோம். 11 ஓட்டில் தோற்றவர் கேட்டது ஒரே கேள்விதான்: "அந்தப் படிவம் யார் கணக்குல இருந்துச்சு?" செயலாளரின் சொந்தக் கணக்கில். அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதை நிரூபிக்க எங்கள் கையில் எதுவும் இல்லை.

"அப்போ பிளாக்செயின்ல போடலாமே" என்று குழுவில் ஒருவர் எழுத, அந்த வேலை என் தலையில் விழுந்தது. அதே வேலை உங்கள் தலையிலும் விழுந்திருந்தால் மேலே படியுங்கள். குடியிருப்போர் சங்கம், தமிழ்ச் சங்கம், மாணவர் மன்றம், தொழில்முறை அமைப்பு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தமிழ்நாட்டுக் கூட்டுறவுச் சங்கங்களை விட்டுவிடுங்கள். அவற்றின் தேர்தலை நடத்துவதற்குத் தனித் தேர்தல் ஆணையம் இருக்கிறது.

பூட்டு எதற்கு, எதற்கு இல்லை

பக்க எண் போட்ட கணக்கு நோட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புதுப் பக்கத்தின் தலையிலும் முந்தின பக்கத்தின் கைரேகையைப் பதித்துவிட்டுத்தான் எழுத ஆரம்பிக்கிறோம். 12-ஆம் பக்கத்தில் யாராவது ஓர் எண்ணைத் திருத்தினால் அதன் கைரேகை மாறிவிடும். 13-ஆம் பக்கத்தின் தலையில் இருப்பதோடு ஒத்துப்போகாது. 13-ஐத் திருத்தினால் 14 உதைக்கும். இதே நோட்டின் நகல் நூறு வீட்டில் இருந்தால் நூறு வீட்டிலும் புகுந்து திருத்த வேண்டும். பிளாக்செயின் இவ்வளவுதான்.

கைரேகை என்று சொன்னதற்குப் பெயர் ஹாஷ். எவ்வளவு பெரிய கோப்பைக் கொடுத்தாலும் 64 எழுத்தும் எண்ணும் கலந்த ஒற்றை வரியாகச் சுருக்கித் தரும் கணக்கு அது. அதிகம் புழங்கும் வகை எஸ்ஹெச்ஏ-256. பிட்காயினும் இதைத்தான் பயன்படுத்துகிறது. கோப்பில் ஒரு காற்புள்ளி கூடினாலும் வரி முழுக்க வேறாகிவிடும். வரியை வைத்துக்கொண்டு கோப்பைத் திரும்ப வரவழைக்க முடியாது.

ஆக, பிளாக்செயின் தருவது ஒரே ஒரு உறுதி: எழுதிய பிறகு யாரும் சத்தமில்லாமல் மாற்ற முடியாது. அது ஓட்டுப் பெட்டியின் பூட்டு. பெட்டியில் போட யாருக்கு உரிமை, போட்டவர் அவரேதானா, அவர் தட்டிய பெயரைத்தான் கைப்பேசி அனுப்பியதா, பக்கத்தில் யாராவது நின்று மிரட்டினார்களா, இதெல்லாம் பூட்டின் வேலை இல்லை. சங்கத் தேர்தலில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது ரகம். அதனால்தான் கீழே உள்ள படிகளில் பாதிக்கு மேல் பிளாக்செயினே வராது.

விலை கொடுத்துப் பாடம் படித்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலம் 2018-ல் வெளிநாட்டில் இருந்த ராணுவத்தினருக்காக வோட்ஸ் என்ற பிளாக்செயின் செயலியைப் பயன்படுத்தியது. 2020-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தபோது, ஓட்டு பிளாக்செயின் சங்கிலிக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே கைப்பேசியிலேயே மாற்ற வழி இருப்பது தெரிந்தது. பூட்டு நல்ல பூட்டு, பெட்டிக்கு வரும் வழியில்தான் ஓட்டை. 2019-ல் மாஸ்கோ நகர சபைத் தேர்தலுக்குத் தயாரான பிளாக்செயின் முறையின் மறையீட்டை (ஓட்டை வெளியாள் படிக்க முடியாதபடி மாற்றும் கணக்கு), பியரிக் கோத்ரி என்ற பிரெஞ்சு ஆய்வாளர் சாதாரணக் கணினியை வைத்து சுமார் 20 நிமிடத்தில் உடைத்தார். சாவிகள் அவ்வளவு சின்னவை. ஆர்எஸ்ஏ மறையீட்டு முறையை உருவாக்கிய மூவரில் ஒருவரான ரொனால்ட் ரிவெஸ்ட், சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 2021-ல் வெளியிட்ட கட்டுரையில், நாட்டின் பொதுத் தேர்தலுக்கு இணைய ஓட்டே ஆபத்து, பிளாக்செயின் அதை இன்னும் மோசமாக்கும் என்று வாதிட்டார். எனக்கும் அதே கருத்துதான். ஆனால் சங்கத் தேர்தலைக் கவிழ்க்க எந்த வெளிநாட்டு உளவுத்துறையும் மெனக்கெடப் போவதில்லை. இங்கே நமக்கு வேண்டியது, தோற்றவர் வீட்டில் உட்கார்ந்து தானே எண்ணிப் பார்த்துக்கொள்ளும் வசதி. அதற்கு இது போதும். சென்னை ஐஐடியில் 2023-ல் மாணவர் தேர்தலையே அங்குள்ள மாணவர் கிளப் உருவாக்கிய பிளாக்செயின் மென்பொருளில் நடத்தியிருக்கிறார்கள்.

படி 1: பைலாவைத் திறங்கள்

பைலாவைத் திருத்த வேண்டியதில்லை என்றால் தேர்தலுக்கு எட்டு வாரம் முன்னால் தொடங்கினால் போதும். முதல் வேலை, பைலாவில் "நேரில் வந்து" என்ற சொல் இருக்கிறதா என்று பார்ப்பது. இருந்தால், நீங்கள் எவ்வளவு அழகாக நடத்தினாலும் ஒரு வக்கீல் நோட்டீஸில் எல்லாம் போச்சு. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம் என்றால், பொதுக்குழுவில் பைலாவைத் திருத்தி, பதிவாளர் அலுவலகத்தில் பதிவுசெய்த பிறகுதான் அடுத்த அடி. இதற்கே ஒரு வருஷம் போகலாம். எங்களுக்குப் போயிற்று.

திருத்தும்போதே மூன்று விஷயங்களை எழுதிவிடுங்கள்: ஆளுக்கு ஓர் ஓட்டா வீட்டுக்கு ஓர் ஓட்டா, ரகசிய ஓட்டா பகிரங்கமா, இணையம் பழக்கமில்லாதவர் காகிதத்தில் போடலாமா. மூன்றாவதற்கு "போடலாம்" என்றே எழுதுங்கள்.

நீங்கள் நிறுவனமாக இருந்தால் கதை வேறு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 108-ஆம் பிரிவும் அதற்கான 20-ஆம் விதியும் பங்குதாரர் மின்னணு ஓட்டுக்கு முறை வகுத்திருக்கின்றன. பங்குகளை மின்னணு வடிவில் வைத்துக் காக்கும் என்எஸ்டிஎல், சிடிஎஸ்எல் போன்றவை அந்தச் சேவையைத் தருகின்றன. அந்த விதியில் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு. இணைய ஓட்டுகளை ஆய்வர் (ஓட்டைச் சரிபார்க்க நியமிக்கப்படுபவர்) திறக்கும்போது, நிறுவனத்தில் வேலை பார்க்காத இரண்டு சாட்சிகளாவது கூட இருக்க வேண்டும். பிளாக்செயின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதைக் காப்பியடித்துக்கொள்ளுங்கள்.

படி 2: வாக்காளர் பட்டியல்

மொத்த வேலையில் பாதி இதுதான். அலுப்பான பாதி.

உறுப்பினர் எண், பெயர், மின்னஞ்சல், கைப்பேசி எண், சந்தா கட்டிய தேதி, இவ்வளவும் ஒரே அட்டவணையில் வரட்டும். ஒரு கெடு தேதி வைத்து, அதற்குள் சந்தா கட்டியவர்கள் மட்டும் என்று வரையறுங்கள். வரைவுப் பட்டியலில் உறுப்பினர் எண்ணையும் பெயரையும் மட்டும் வைத்து உறுப்பினர்களுக்கு அனுப்பி, ஆட்சேபம் சொல்ல பத்து நாள் கொடுங்கள். கைப்பேசி எண்களோடு முழுப் பட்டியலைக் குழுவில் போட்டுவிடாதீர்கள். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன்பும் அது நாகரிகமான காரியம் இல்லை.

ஆட்சேபம் எல்லாம் தீர்ந்தபின் பட்டியலை உறையவைக்க வேண்டும். இறுதிக் கோப்பின் ஹாஷை எடுத்து, நோட்டீஸில் அச்சடித்து, எல்லோருக்கும் அனுப்புங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலுமே கட்டளைத் திரையில் ஒரே வரியில் ஹாஷ் கிடைத்துவிடும். இதற்காக ஏதோ ஒரு வலைத்தளத்தில் கோப்பை ஏற்ற வேண்டாம். இனி ஒருவரை நடுராத்திரியில் சேர்த்தாலோ நீக்கினாலோ ஹாஷ் காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் விழுந்தவன் என்பதால் சொல்கிறேன்.

ஒன்று, எக்செல். எங்கள் பொருளாளர் இறுதிக் கோப்பைத் திறந்து, பெயர் முழுசாகத் தெரியவில்லை என்று நெடுவரிசையை லேசாக அகலப்படுத்தி, சேமித்து மூடினார். ஒரு பெயரும் மாறவில்லை. ஹாஷ் மாறிவிட்டது. அன்று மாலை வாட்ஸ்அப் குழுவைப் பார்த்திருக்க வேண்டும். கோப்பை எளிய உரை வடிவிலோ பிடிஎஃப் ஆகவோ மாற்றி, அதற்கு ஹாஷ் எடுத்து, எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள்.

இரண்டாவது, தமிழுக்கே உரிய பள்ளம். "கோபால்" என்று எழுதும்போது "கோ"வை இரண்டு விதமாகக் கணினியில் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே எழுத்தாகவும் வைக்கலாம், இரட்டைக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கணினிக்கு வேறு வேறு, ஹாஷும் வேறு வேறு. "ஸ்ரீ"யிலும் இதே வம்பு உண்டு. பெயரை வைத்து ஒப்பிடும் மென்பொருள் "இப்படி ஒரு உறுப்பினரே இல்லை" என்று சாதிக்கும். ஆகவே ஆளை அடையாளம் காண எப்போதும் உறுப்பினர் எண்ணையே பயன்படுத்துங்கள். பெயர் கண்ணால் பார்க்க மட்டும்.

படி 3: எந்த முறை?

மூன்று பாதைகள் உண்டு.

முதலாவது, எல்லா ஓட்டையும் நேரடியாகச் சங்கிலியில் எழுதுவது. எத்தீரியம் போன்ற பொதுச் சங்கிலியில் ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்ட், அதாவது யாரும் நடுவில் நிறுத்தவோ மாற்றவோ முடியாதபடி ஓடும் சின்ன நிரல், எழுதி ஓட்டைப் பெறலாம். ஆனால் ஒவ்வொரு ஓட்டுக்கும் கட்டணம் உண்டு, அது நேரத்துக்கு நேரம் மாறும். உறுப்பினர் ஒவ்வொருவரும் மின்பணப்பை (சங்கிலிக்கான தன் சாவியை வைத்திருக்கும் செயலி) வைத்து, அதன் 12 மீட்புச் சொற்களைப் பத்திரப்படுத்த வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்க முயன்றேன். அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நான் நேர்லயே வந்து போட்டுடறேன்" என்றார். கணினி ஆட்கள் மட்டுமே உள்ள குழு என்றால் இந்தப் பாதையில் போகலாம். அதற்கும் முதலில் செபோலியா போன்ற சோதனைச் சங்கிலியில் ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, தனியார் சங்கிலி. ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் மாதிரியான மென்பொருளை வைத்து உங்களுக்கென்றே ஒன்று அமைப்பது. விற்க வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "நகல்கள் எத்தனை, யார் யார் வீட்டில்?" எல்லா நகலும் எங்கள் சர்வரிலேயே என்று பதில் வந்தால், அது விலை கூடிய எக்செல். ஐந்து கிளைகள் உள்ள அமைப்பு, ஐந்தும் தனித்தனியாக நகல் வைத்து ஓட்டும் என்றால் அர்த்தம் உண்டு.

மூன்றாவது பாதையில்தான் நாங்கள் போனோம். ஓட்டை வாங்கவும் எண்ணவும் ஒரு சரிபார்க்கத்தக்க ஓட்டு மென்பொருள். அதன் பதிவுகளை யாரும் மாற்றவில்லை என்று முத்திரை குத்த மட்டும் பிளாக்செயின். மென்பொருளுக்கு ஹீலியோஸ், பெலினியோஸ் என்று இரண்டு நல்ல இலவசத் தேர்வுகள் உண்டு. ஹீலியோஸை பென் அடிடா 2008-ல் வெளியிட்டார். பெலினியோஸ் அதன் வழியில் பிரான்ஸில் உருவானது. இரண்டிலும் ஓட்டு உங்கள் கணினியிலேயே பூட்டப்பட்டுத்தான், அதாவது யாரும் படிக்க முடியாதபடி மறையீடு செய்யப்பட்டுத்தான், வெளியே போகும். பூட்டிய ஓட்டுகள் எல்லாம் பொதுப்பலகையில் எல்லோர் பார்வைக்கும் இருக்கும். முத்திரைக்கு ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸ் என்ற இலவசக் கருவி. உங்கள் கோப்பின் ஹாஷை மட்டும் எடுத்து, ஆயிரக்கணக்கான மற்ற ஹாஷ்களோடு சேர்த்து பிட்காயின் சங்கிலியில் பதித்துவிடும். கோப்பு உங்கள் கணினியை விட்டு நகராது. பதிவு உறுதியாவதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். அப்புறம் "இந்தக் கோப்பு இந்த நேரத்துக்கு முன்பே இருந்தது" என்பதை யாரும் மறுக்க முடியாது.

பூட்டியபடியே எப்படி எண்ணுவது என்று எல்லோரும் கேட்பார்கள். பொதுக்குழுவில் ஐந்து பேரை நிறுத்தி நான் காட்டியது இது. முதல் ஆள் மனதுக்குள் 731 என்று ஓர் எண் நினைக்கிறார். "ஆம்" என்றால் ஒன்று கூட்டி, "இல்லை" என்றால் அப்படியே, அடுத்தவர் காதில் சொல்கிறார். அவரும் தன் ஒன்றையோ பூஜ்யத்தையோ கூட்டி அடுத்தவர் காதில். கடைசி ஆள் 734 என்று முதல் ஆளின் காதில் திருப்பிச் சொல்ல, அவர் 731-ஐக் கழித்து "மூணு ஓட்டு" என்று அறிவிக்கிறார். நடுவில் இருந்தவர்களுக்கு யார் எப்படிப் போட்டார் என்று தெரியவே தெரியாது. மென்பொருள் செய்வது இதைவிடப் பல மடங்கு உறுதியான கணக்கு. ஆனால் மனதில் பதிய இந்த விளையாட்டு போதும். எங்கள் கூட்டத்தில் யாரும் அதற்கப்புறம் சந்தேகம் கேட்கவில்லை, சமோசா வந்துவிட்டதும் ஒரு காரணம்.

படி 4: சாவியை யாரிடம் கொடுப்பது

பூட்டிய ஓட்டுகளின் கூட்டுத்தொகையைத் திறக்க ஒரு சாவி வேண்டும். அதை ஒரே ஆளிடம் கொடுத்தால் அவர் நினைத்தால் ஒவ்வொரு ஓட்டையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். அதனால் பலரிடம் பங்கு போட்டுக் கொடுக்கிறோம். எல்லோரும் சேர்ந்தால்தான் திறக்கும் என்று வைப்பது பார்க்க உறுதியாகத் தெரியும். வைக்காதீர்கள்.

குறியாக்கவியல் ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. பூட்டு, சாவிக் கணக்கில் உலகத்தில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. 2025-ல் அவர்கள் தங்கள் நிர்வாகிகள் தேர்தலை ஹீலியோஸில் நடத்தினார்கள். சாவி மூன்று பேரிடம், மூன்றும் சேர்ந்தால்தான் திறக்கும். ஓட்டெல்லாம் விழுந்தபின் ஒருவர் தன் பங்கு தொலைந்துவிட்டது என்றார். முடிந்தது. யாராலும் எதையும் திறக்க முடியவில்லை. தேர்தலை ரத்து செய்து மறுபடி நடத்தினார்கள். இந்த முறை மூவரில் இருவர் போதும் என்று மாற்றிக்கொண்டார்கள்.

நீங்கள் ஐந்து பேரிடம் கொடுத்து, மூவர் போதும் என்று வையுங்கள். பெலினியோஸில் இந்த வசதி உண்டு. ஐந்தில் ஒருவர் ஒரு வேட்பாளரின் ஆள், இன்னொருவர் எதிர்த்தரப்பின் ஆள், மீதி மூவர் போட்டியில் சம்பந்தமில்லாதவர்கள் என்று இருந்தால் நல்லது. ஐந்து பேரும் ஒரே ஊரில் ஒரே வீட்டில் உட்கார்ந்து சாவி உருவாக்காதீர்கள். ஒவ்வொருவரும் தன் கணினியில் உருவாக்கி, ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, உறையில் ஒட்டி, பீரோவில் வைக்கட்டும். வாட்ஸ்அப்பில் "எனக்கு நானே" அனுப்பிக்கொள்வது நகல் அல்ல.

படி 5: ரகசியக் குறியைக் கையில் சேர்ப்பது

ஓட்டுப் போட ஒவ்வொருவருக்கும் ஒரு ரகசியக் குறி தேவை. பெலினியோஸில் குறியை ஒருவர் உருவாக்கி அனுப்புவார். அது போக, ஓட்டுப் போடும் நேரத்தில் மின்னஞ்சலுக்கு ஓர் எண்ணும் வரும்படி வைக்கலாம். இரண்டையும் அனுப்புவது வேறு வேறு இடம் என்பதால், அனுப்புபவர்களில் ஒருவரால் தனியாக உங்கள் ஓட்டைப் போட முடியாது. குறி அனுப்பும் பொறுப்பைத் தேர்தல் அலுவலரிடம் கொடுக்காதீர்கள். வேறொருவரிடம் கொடுங்கள்.

வேறு மென்பொருள் வாங்குகிறீர்கள், விற்பவர் "கைப்பேசி எண்ணை ஹாஷ் செய்து சங்கிலியில் போடுகிறோம், யாருக்கும் தெரியாது" என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நம்பாதீர்கள். நம் நாட்டுக் கைப்பேசி எண் பத்து இலக்கம், ஆறு முதல் ஒன்பதுக்குள் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்கள்தான். ஒரு நல்ல கிராபிக்ஸ் அட்டை அத்தனைக்கும் ஹாஷ் போட்டு ஒப்பிட நிமிடக்கணக்கே போதும். வேட்பாளர் பெயரை ஹாஷ் செய்தால் இன்னும் மோசம்: மூன்று வேட்பாளர் என்றால் மூன்றே ஹாஷ், பள்ளிப் பையன் கண்டுபிடிப்பான்.

நேரமும் காட்டிக்கொடுக்கும். ராத்திரி 11.42-க்கு ஓர் ஓட்டு விழுகிறது, அதே 11.42-க்கு உள்ளே நுழைந்தவர் ஒரே ஒருவர். ஓட்டு பூட்டப்படாமல் போயிருந்தால் கதை முடிந்தது. பிளாக்செயினில் இருப்பதை அழிக்கவும் முடியாது, பத்து வருஷம் கழித்தும் அது அங்கேயே இருக்கும். பூட்டப்படாத ஓட்டைப் பொதுச் சங்கிலியில் எழுதும் எந்த முறையையும் ரகசிய வாக்கெடுப்பு என்று சொல்லாதீர்கள்.

எல்லோரும் ஒரே வளாகத்தில் குடியிருப்பவர்கள் என்றால் மின்னஞ்சலே வேண்டாம், ஒரு பழைய வழி உண்டு. குறிகளை அச்சடித்து ஒரே மாதிரி உறைகளில் போட்டு ஒட்டி, ஒரு பையில் குலுக்கி, உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆளுக்கு ஓர் உறையைத் தானே எடுத்துக்கொள்ளட்டும். எந்தக் குறி யாரிடம் போனது என்று குறியை உருவாக்கியவருக்கே தெரியாது. உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை எடுக்கும் முறையைச் சொல்லும்போது, குடத்திலிருந்து ஒரு சிறுவன் எடுத்துக் கொடுக்கும் ஓலையை நடுவராக இருப்பவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று வருகிறது. அது குலுக்கல், ஓட்டெடுப்பு அல்ல. ஆனாலும் கைக்குள் வேறு ஓலை ஒளித்திருக்கவில்லை என்று கூட்டம் முழுக்கப் பார்க்க வேண்டும் என்பதில் அவர்கள் கறாராக இருந்திருக்கிறார்கள். உறைப்பையை மேசைக்கு அடியில் வைக்காதீர்கள்.

படி 6: ஒத்திகை

தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு போலித் தேர்தல் நடத்துங்கள். "பொதுக்குழுவில் பஜ்ஜியா, போண்டாவா?" எங்களுக்குக் கிடைத்த பலன்: 40 பேரின் மின்னஞ்சல் முகவரி செத்துப்போயிருந்தது, பலருக்குக் குறி குப்பை அஞ்சலில் போய் விழுந்திருந்தது. உண்மையான தேர்தலில் இது தெரிந்திருந்தால் "வேண்டுமென்றே எங்கள் ஆட்களுக்கு அனுப்பவில்லை" என்று ஆகியிருக்கும். போண்டா ஜெயித்தது.

இதே ஒத்திகையில் ஐந்து சாவிக்காரர்களையும் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அதில் இருவரை வேண்டுமென்றே விட்டுவிட்டு, மூவரை வைத்துத் திறக்கிறதா என்றும் பாருங்கள். ஹீலியோஸ் பயன்படுத்துபவர்கள், ஓட்டைப் பூட்டியபின் அனுப்பாமல் அதைத் திறந்து சோதிக்கும் வசதியையும் ஒரு தடவை எல்லோருக்கும் செய்துகாட்டுங்கள். தட்டிய பெயரைத்தான் கணினி பூட்டியதா என்பதற்கு அதுதான் பரீட்சை. சோதித்த ஓட்டு செல்லாது. புதிதாகப் பூட்டிப் போட வேண்டும்.

படி 7: ஓட்டுப்பதிவு நாட்கள்

மூன்று நாள் போதும். வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஒரு வார இறுதியை உள்ளடக்குங்கள். தொடங்கும் நேரமும் முடியும் நேரமும் "இந்திய நேரப்படி" என்று எழுதுங்கள். எழுதாமல் விட்டு டொராண்டோ நண்பரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தினமும் ராத்திரி 9 மணிக்குப் பொதுப்பலகையில் உள்ள பூட்டிய ஓட்டுகள் முழுவதையும் ஒரு கோப்பாக இறக்கி, ஓப்பன்டைம்ஸ்டாம்ப்ஸில் முத்திரை போட்டு, ஹாஷையும் அதுவரை விழுந்த ஓட்டு எண்ணிக்கையையும் குழுவில் அறிவியுங்கள். வேட்பாளர்களின் முகவர்களும் அதே கோப்பை இறக்கி ஒப்பிடட்டும். இது ஐந்து நிமிட வேலை. ஆனால் மூன்றாம் நாள் ராத்திரி யாரும் எதையும் திணிக்கவில்லை என்பதற்கு இதுதான் சாட்சி.

ஓட்டுப் போட்டதும் ஒவ்வொருவருக்கும் ஒரு தடக்குறி கிடைக்கும். அது பொதுப்பலகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தத் தலைமையாசிரியர், கடைசியில் இணையத்தில்தான் போட்டார், தடக்குறியைப் பார்த்ததும் போன் அடித்தார்: "தம்பி, இத வச்சு நான் யாருக்குப் போட்டேன்னு செகரட்டரி கண்டுபிடிச்சுடுவாரா?" முடியாது சார், உங்கள் ஓட்டு பெட்டியில் இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும், யாருக்கு என்பது தெரியாது என்றேன். நீங்கள் தேர்ந்தெடுக்கும் மென்பொருளுக்கு இந்தப் பதிலை மனசாட்சியோடு சொல்ல முடிய வேண்டும்.

பக்கத்தில் நின்று போடச் சொல்லும் தொல்லைக்கு எந்தப் பூட்டும் மருந்தில்லை. 2005 முதல் இணைய ஓட்டு நடத்தும் எஸ்டோனியாவில் (அவர்கள் முறை பிளாக்செயின் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல) ஒருவர் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம், கடைசி ஓட்டே கணக்கு. மிரட்டியவர் போனபின் அமைதியாக மாற்றிக்கொள்ளலாம். பெலினியோஸ், ஹீலியோஸ் இரண்டிலும் இது உண்டு. நோட்டீஸில் கொட்டை எழுத்தில் போடுங்கள். திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டால் அந்த உறுப்பினருக்கு எச்சரிக்கை என்றும் விதி வையுங்கள்.

படி 8: எண்ணுவது

பொதுக்குழு மேடையில், எல்லோர் முன்னாலும், திரையில் காட்டித் திறங்கள். வெளிச் சாட்சிகள் இருவர் கையெழுத்துப் போடட்டும். காகித ஓட்டை முதலில் எண்ணி, இணைய ஓட்டை அப்புறம் திறந்து, கூட்டி அறிவியுங்கள். காகிதத்திலும் இணையத்திலும் ஒருவரே போட்டிருந்தால் எது செல்லும் என்பதை முன்பே எழுதியிருக்க வேண்டும். கிளைவாரியாக முடிவை வெளியிடாதீர்கள்: டொராண்டோவில் நாலே பேர், நாலும் ஒரே பெயருக்கு என்று வந்தால் அங்கே ரகசியம் எங்கே?

பூட்டிய ஓட்டுகள், திறந்ததற்கான கணித ஆதாரம், முத்திரைக் கோப்புகள் எல்லாவற்றையும் ஒரு பொட்டலமாக எல்லோருக்கும் கொடுத்துவிடுங்கள். ஆட்சேபத்துக்கு ஏழு நாள். அந்தக் கெடு முடிந்து வழக்கு எதுவும் இல்லை என்றால், கைப்பேசி எண்களும் குறிகளும் உள்ள பட்டியலை அழித்துவிட்டு, அழித்ததைக் குறிப்பேட்டில் பதியுங்கள்.

எங்கள் தேர்தலில் இந்த முறையும் அதே மனிதர்தான் தோற்றார், 19 ஓட்டில். பொட்டலத்தை வாங்கிப்போய்த் தன் மருமகனை உட்காரவைத்து மறுபடி எண்ணினார். மூன்றாம் நாள் போன் வந்தது. எண்ணிக்கை சரி, முத்திரையும் சரி, அதில் தனக்கு ஒரு புகாரும் இல்லை என்றார். "ஆனா பட்டியல்ல 214, 377 ரெண்டு பேரும் சந்தா கட்டினதுக்கு ரசீது எங்க?" ஒன்று ரசீதுப் புத்தகத்தில் இருந்தது. இன்னொன்றைப் பொருளாளர் இரண்டு நாள் தேடினார். அவருடைய ஸ்கூட்டர் பெட்டியில் கிடைத்தது.